இரண்டு வருஷம் என்று சொன்னது

"ரோடு எப்பத் தம்பி முடியும்?"

மணிப்பூரில், மியான்மர் எல்லையை ஒட்டிய மோரே ஊரின் கடைத்தெருவில் அந்தப் பெரியவர் கேட்டது இவ்வளவுதான். "இரண்டு வருஷத்துல முடிஞ்சிடும் ஐயா. தைரியமா குடோன் கட்டுங்க" என்றேன். குடோனைப் பற்றி அவர் என்னிடம் யோசனை கேட்கவில்லை. பேச்சோடு பேச்சாகக் கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையைக் காட்டினார். மீதியை நானாகத்தான் சொன்னேன்.

அது 2019. அந்த ஜனவரியில்தான் அங்கே, எல்லை தாண்டும் ஆட்களையும் சரக்கையும் ஒரே இடத்தில் சோதிக்கும் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியைத் திறந்திருந்தார்கள். இம்பால்–மோரே சாலை சுமார் 110 கிலோமீட்டர். அதில் தெங்னௌபால் ஏற்றத்தில் அகலப்படுத்தும் வேலை எங்களுடையது. மழைக்காலத்தில் காலையில் வெட்டிய சரிவு சாயங்காலம் சரிந்து ரோட்டில் கிடக்கும். ஆனாலும் சைட் ஆபீஸ் சுவரில் மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை 1,360 கிலோமீட்டர் இந்தியா–மியான்மர்–தாய்லாந்து முத்தரப்பு நெடுஞ்சாலையின் வரைபடம் இருந்தது. தினமும் அதைப் பார்த்தவன் வேறு எப்படிப் பேசியிருப்பேன்?

அப்புறம் நடந்தது தெரிந்ததே. 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லைக் கேட் மூடியது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவ ஆட்சி. 2023 மே மாதம் மணிப்பூரே எரிந்தது. இதில் எதையும் ரோட்டின் உயரத்தை அளக்கும் என் லெவல் கருவியில் பார்த்திருக்க முடியாது. 1995-இல் எல்லை வணிகம் முறையாகத் தொடங்கியதிலிருந்து அங்கே கடை வைத்திருந்தவர், நான் சொல்லாவிட்டாலும் கட்டியிருப்பார். இப்படித்தான் பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அவர் கடைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்றில் நம் நேரம். இன்னொன்றில் பர்மா நேரம், ஒரு மணி நேரம் முன்னால். 1964-இல் பர்மாவில் கடைகளை அரசுடைமை ஆக்கியபோது அவருடைய அப்பா ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தவர். இந்தியா வந்தும் மனம் ஒட்டாமல் திரும்பிப் போகப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரேயிலேயே தங்கிவிட்ட தமிழர்களில் அந்தக் குடும்பமும் ஒன்று. கேட் மூடும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மனை அதுவரை காலியாகக் கிடந்ததற்குக் காரணம் அந்தப் பயம்தானோ? ஹெல்மெட்டோடு ஜீப்பில் வந்து இறங்கிய ஒருவன், அதை ஒரு வாக்கியத்தில் போக்கிவிட்டேனோ?

அவர் கேட்டது ரோட்டைப் பற்றி. நான் பதில் சொன்னது வியாபாரத்தைப் பற்றி. அளந்ததை மட்டும் சொல், மற்றதைச் சொல்லாதே என்று இப்போது ஜூனியர்களிடம் சொல்கிறேன். சரிதான். ஆனால் எல்லை ஊரில் யாருமே யாரையும் நம்பி ஒரு செங்கல் வைக்கவில்லை என்றால், அந்த ரோட்டில் என்ன சரக்கு போகும்? எல்லைக்கு அந்தப் பக்கம், மியான்மரில் இருக்கும் நாம்பலோங் சந்தையிலிருந்து தலையில் மூட்டை சுமந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கழுத்து நரம்பைப் பார்த்த பிறகு ரோடு வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது வேறொரு மலைச் சாலையில் வேலை. யாராவது கேட்டால் "தெரியலைங்க" என்கிறேன். அதுவும் முழு உண்மை இல்லை.

போன வருஷம் அவரே போன் செய்தார். மகள் வீட்டில், சென்னையில் இருக்கிறாராம். குடோன் பூட்டியே கிடக்கிறதாம். குரலில் கோபமே இல்லை.

"உங்க பகுதி ரோடு முடிஞ்சிருச்சா தம்பி?"

"முடிஞ்சிருச்சுங்க ஐயா."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க."

"சரிப்பா" என்றார்.