சாவி யாரிடம்?

கானாடுகாத்தானை அடுத்த எங்கள் ஊரில், என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு மறு தெருவிலும் இருக்கும் அந்த வீட்டுக்கு உரிமையுள்ள பங்காளிகள் பதினோரு புள்ளி, அதாவது பதினோரு குடும்பம். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் சாந்திக்கும் வந்து கூடுவார்கள். மற்ற நாட்களில் சாவிக்கொத்து அப்பாவின் இடுப்பில்தான் இருக்கும். நாளொன்றுக்கு நான்கு அறை என்று முறை வைத்துத் திறந்து காற்றாட விடுவதும், ஐப்பசி மழைக்கு முன் மேலே ஏறி உடைந்த ஓடுகளை மாற்றுவதும், முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழியில் சருகு அடைக்காமல் பார்ப்பதும் அவர் வேலை. அதே தெருவில், பார்க்க ஆளில்லாத வீடுகள் நாலைந்து மழையில் எப்படி உட்கார்ந்து போயின என்பதை நான் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். பர்மாத் தேக்கும் முட்டை வெள்ளைக்கருச் சாந்தும் சேர்ந்தும் ஒரு வீட்டைக் காப்பாற்றவில்லை. ஓர் ஓடு நகர்ந்ததைக் கவனிக்க ஆள் இல்லாததால் மச்சு இற்றது, பிறகு சுவர் போனது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், 2016 நவம்பரில் பள்ளிக்கூடம் கட்டும் தன்னார்வப் பணிக்காக நான் நேபாளத்துக்குப் புறப்பட்டபோது இந்த அறிவு எதுவும் என்னுடன் வரவில்லை என்பதுதான். கட்டடப் பொறியியலில் பட்டயம் பெற்றுக் காரைக்குடியில் ஒன்பது ஆண்டுகள் தள மேற்பார்வையாளனாக இருந்தவன் என்ற மிடுக்கு மட்டும் கூட வந்தது. இந்தியர்களுக்கு அங்கே விசா தேவையில்லை. பயணச் செலவு என்னுடையது, சாப்பாடும் தங்குமிடமும் தொண்டு நிறுவனத்தினுடையது என்பது ஏற்பாடு. போகும் வழியில் இரண்டு நாள் காசியில் தங்கினேன். 1813ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கிவரும் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூசைக்குரிய பொருட்களை ‘சம்போ’ என்று குரல் கொடுத்தபடி எடுத்துச் செல்வதை அந்தக் குறுகலான சந்தில் நின்று பார்த்தேன். ஊரிலிருந்து இவ்வளவு தூரத்தில் இது இன்றும் நடக்கிறதே என்று வியந்தேனே தவிர, எதனால் நடக்கிறது என்று யோசிக்கவில்லை.

நாங்கள் வேலை செய்த மலையூர் சிந்துபால்சோக் மாவட்டத்தில் இருந்தது. 2015 ஏப்ரல் 25 அன்று ஏற்பட்ட 7.8 அளவு நிலநடுக்கத்திலும், மே 12 அன்று வந்த 7.3 அளவு அதிர்விலுமாகச் சேர்த்து நேபாளத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தனர். மாவட்டங்களில் மிக அதிக உயிரிழப்பு சிந்துபால்சோக்கில்தான். ஏப்ரல் 25 ஒரு சனிக்கிழமை. அந்நாட்டில் பள்ளிகளுக்கு வார விடுமுறை சனிக்கிழமை. மண்சாந்தில் கல் அடுக்கிக் கட்டியிருந்த நான்கு வகுப்பறைகளும் விழுந்த இடத்தை எனக்குக் காட்டிய தலைமையாசிரியர், வேறு எதுவும் சொல்லாமல், “சனிக்கிழமை” என்று மட்டும் இந்தியில் சொன்னார்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலநடுக்க அபாயம் குறைந்த எங்கள் பக்கத்தில் சுவருக்கு நடுவே லிண்டல் ஒன்று ஓடினால் போதும் என்றுதான் பழகியிருந்தேன். அங்கே அடித்தளம், சன்னல் அடிமட்டம், லிண்டல், கூரை மட்டம் என்று நான்கு இடங்களில் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை, பெட்டியைக் கயிற்றால் கட்டுவதுபோல, கட்டடத்தைச் சுற்றிவர வேண்டும். கற்சுவரின் இரு முகங்களும் தனித்தனியாகப் பிரிந்து சரியாமலிருக்க, அவற்றை இணைக்கும் நீளக்கல்லை 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு வரிசையாகவும், வரிசையில் 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியிலும் வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட என்னைக் கூசச் செய்தது கம்பி வளையத்தின் முனை. கம்பிக்கூட்டைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையை 90 பாகையில் மடக்கி விட்டால், அதிர்ச்சியில் மேற்பூச்சு தெறித்ததும் முனை விரிந்து ரிங் திறந்துகொள்ளும். 135 பாகைக்கு மடக்கி, முனை உள்ளே கான்கிரீட்டுக்குள் புதையும்படி விட வேண்டும். பாடமாகப் படித்ததுதான். காரைக்குடியில் எத்தனை தளங்களில் 90 பாகை முனைகளைப் பார்த்தும் பாராமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பதை, தாமாங் இனத்து மேஸ்திரி ஒருவர் சிறு இரும்புக் குழாயால் ஒவ்வொரு முனையையும் பொறுமையாக உள்ளே வளைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எண்ணிப் பார்த்தேன். நம் மேஸ்திரி அங்கே ‘மிஸ்திரி’. மொழி தெரியாத எனக்கு முதல் நாளில் புரிந்த ஒரே சொல்.

மிஸ்திரிகள் மூவர்தான் இருந்தனர். ஊரின் இளைஞர்கள் பெரும்பாலும் கத்தாரிலும் மலேசியாவிலும் கட்டட வேலையில் இருந்தனர். அவர்களுடைய ஊரில் பள்ளிக்கூடம் கட்ட இரண்டு வாரத்துக்கு ஒரு குழுவாக வெளிநாட்டினர் வந்து போனார்கள். வந்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. விடியற்காலைக் குளிரில் முணுமுணுக்காமல் எழுந்து கல் சுமந்தவர்கள் அவர்கள். ஆனால் நெற்றியில் நாம்லோப் பட்டையை மாட்டி, முதுகில் டோக்கோக் கூடை நிறையக் கல் ஏற்றி வரும் அவ்வூர்ப் பெண் ஒருவர் ஒரு நடையில் கொண்டுவந்ததை, வந்தவர்கள் மூவர் சேர்ந்து கொண்டுவந்தார்கள். அவர்கள் கட்டிய கல்வரிசையைத் தூக்குக்குண்டு பிடித்துச் சரிபார்ப்பதற்கே மிஸ்திரி ஒருவரின் பாதி நாள் போயிற்று.

என் தவறு ஜனவரியில் நடந்தது. ஒரு குழு புறப்படுவதற்கு முந்தைய நாள் லிண்டல் பட்டையின் கான்கிரீட்டைப் போட்டுவிட்டால் அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று பொறுப்பாளர் கேட்க, மறுக்க வேண்டிய இடத்தில் நான் தலையாட்டினேன். ஜல்லி பாதிதான் வந்திருந்தது. ஊற்று இருந்தது கீழே, ஏறி இறங்க ஒரு மணி நேரம். கலவைக்கே தண்ணீர் போதவில்லை. பொழுது சாய்ந்தபின் அவசரமாகக் கொட்டி, சரியாகக் குத்திவிடாமலே முடித்தோம். மறுநாள் காலை குழுவினர் பட்டைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். பலகையைப் பிரித்தபோது வடக்குச் சுவரில் நான்கு மீட்டர் நீளத்துக்குச் சாந்து இறங்காமல் ஜல்லி பல்லிளித்தது. விரலை விட்டால் கம்பி தட்டுப்பட்டது. அந்த மிஸ்திரி என்னைத் திட்டவில்லை. சுத்தியலையும் உளியையும் என் கையில் கொடுத்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினார். உடைத்தெடுக்க மூன்று நாள் ஆயிற்று. திரும்பப் போட்டபின், சாக்கை நனைத்து மேலே போர்த்தி நாள்தோறும் நீராற்றியவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

பிப்ரவரியில் கூரைத் தகடு ஏறியது. அன்றிரவு குன்றின் மேல் போய்த் தொடர்பு கிடைக்கும் இடத்தில் நின்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரிப்பா, சாவியை யாருட்ட குடுக்கப் போறீங்க?” என்றார். தலைமையாசிரியரிடம் என்றேன். “அவரு பாடம் நடத்துவாரு. மழைக்கு முன்னாடி மேல ஏறிப் பாக்கிறது யாரு? அவருக்குக் கூலி யாரு குடுப்பா?” என்று கேட்டார்.

பதில் என்னிடம் இல்லை. காசிச் சந்தில் நின்றபோது தோன்ற வேண்டிய எண்ணம் அப்போதுதான் தோன்றியது. எங்கள் பக்கத்துச் செட்டிமார்கள் வணிகத்தில் மகமை என்று ஒரு பங்கை அறத்துக்குத் தனியே எடுத்து வைத்தவர்கள்; சத்திரமோ பாடசாலையோ கட்டினால் அதோடு நிலத்தையோ கடை வாடகையையோ எழுதி வைப்பார்கள். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் வருவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தோடு 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பிலேயே தெரியும். நாங்களோ தகடு பொருத்திய ஜே போல்ட்டின் ரப்பர் வாஷர் சில ஆண்டுகளில் வெடித்துத் தண்ணீர் இறங்கும் என்பதற்குப் பத்து ரூபாய்கூட ஒதுக்கவில்லை. அடுத்த குழுவுக்கான உணவு, வண்டிச் செலவில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கு வைக்கலாமா என்று நிறுவனத்துக்கு எழுதினேன். நன்கொடையாளர்கள் கட்டடத்துக்குத்தான் கொடுக்கிறார்கள், பழுதுபார்ப்புக்கு அல்ல என்று பணிவாகப் பதில் வந்தது. அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

வழியைக் கண்டவர்கள் ஊரார்தான். பள்ளி நிர்வாகக் குழுவின் கூட்டத்தில் அப்பாவின் கேள்வியைத் தலைமையாசிரியர் வழியாக அப்படியே வைத்தேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். நடவுக்கும் அறுவடைக்கும் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாருக்கு வேலை செய்து, அதே நாள்கணக்கைத் திரும்பப் பெறும் வழக்கம் அங்கே உண்டு. அதில் பள்ளிக்கூடத்தையும் ஒரு வீடாகச் சேர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பள்ளிக்காக உழைத்த நாளைப் பள்ளி எப்படித் திருப்பித் தரும் என்று ஒரு மூதாட்டி கேட்டதற்கு, உன் பேரன் ஒரு நாள் வந்து மாட்டுக்குப் புல் அறுப்பான் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்த வழக்கத்தின் பெயர் ‘பர்மா’.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது அப்பா குழம்பிப்போனார். “பர்மாக்காரங்க எங்கப்பா அங்க வந்தாங்க?” என்றார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் பர்மாவில் ஈட்டிய பணத்தில் எழுந்தவை என்பதால் அவருக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. விளக்கிச் சொன்னதும், “இந்தப் பர்மா தேவலை” என்று சொல்லிவிட்டு, அந்த வாரம் ஓடு மாற்ற ஆள் கிடைக்காத கதையைத் தொடங்கினார்.

2017 மார்ச்சில் திரும்பிவிட்டேன். ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில், அவர்கள் மழைக்காலம் தொடங்கும் முன்பாக, தலைமையாசிரியர் கூரையின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். எழுத்து அதிகம் இருக்காது. சென்ற முறை வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெற்கு ஓரத்தில் மூன்று போல்ட்டுகளில் வாஷர் இல்லை. குறித்து அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதிலாக இன்னொரு படம் வந்தது: பழைய டயரிலிருந்து வட்டமாக வெட்டி மாட்டிய மூன்று கறுப்பு வாஷர்கள், பக்கத்தில் ஒரு டோக்கோ, ஏணியில் பாதி வரை ஏறி நிற்கும் ஒரு சிறுமியின் கால்கள். அப்பாவிடம் காட்டியபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், ஏணியைக் கீழே யாரும் பிடிக்கவில்லை என்று சத்தம் போட்டார்.