ஆறு பிடிக்கப் போய்ப் படகாய் முடிந்த கதை (நான்காம் முயற்சி)

பொம்மை வீரர்களை வைத்து மேசை மேல் ஆடும் போர் விளையாட்டுக்காக நான் செய்யும் மாதிரி ஆறு இது. அதன் ஆறு துண்டுகளில் நான்கு இப்போது மேசையில் ஒட்டினாற்போல் கிடக்கின்றன. ஓரத்தில் விரலால் தட்டினால் டக் டக் என்று ஆடவில்லை. மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. இதே ஆற்றை மூன்று தடவை செய்து, மூன்று தடவையும் இரண்டு முனையும் மேலே தூக்கிக்கொண்டு படகு மாதிரி நின்றதைப் பார்த்த எனக்கு நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

முதல் தடவை அட்டையில் செய்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம். இரண்டாவது தடவை 3 மி.மீ. எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. மேலே கரைக்கான ஃபோம் (பாலிஸ்டைரீன் நுரைப்பலகை), வெள்ளைப் பசை, மணல், அப்புறம் மணல் உதிராமல் இருக்கத் தண்ணீர் கலந்த பசை இன்னொரு பூச்சு. காலையில் பார்த்தால் 30 செ.மீ. துண்டின் முனை மேசையிலிருந்து 4 மி.மீ. எழும்பி நிற்கிறது. 4 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்றால், இரண்டு துண்டுகளை முனையோடு முனை சேர்க்கும்போது அங்கே ஒரு சின்னக் கூரை உருவாகிறது, 25 மி.மீ. அடித்தட்டு உள்ள பொம்மை வீரன் அதில் ஏறினால் மல்லாக்க விழுகிறான். மூன்றாவது தடவை, காயும்வரை மேலே கனமான புத்தகங்களை அடுக்கினேன். எடுத்தபோது கண்ணாடி மாதிரி தட்டையாக இருந்தது. மறுநாள் காலையில் பழையபடி படகு.

இதில் நான் புரிந்துகொள்ளாமல் இருந்தது ஒன்றுதான். பசை பூசியதும் முதலில் வளைவது கீழ்ப்பக்கமாக. மேல்பக்கத்து நார் தண்ணீரைக் குடித்து உப்புகிறது, அதனால் நடுப்பகுதி லேசாகக் குமிழ்கிறது. இதைப் பார்த்து 'சரி, காய்ந்தால் தட்டையாகிவிடும்' என்று நினைப்போம். காயும்போது தண்ணீர் போகிறது, ஆனால் பசை சுருங்கி ஒரு தோல் மாதிரி மேல்பக்கத்தைப் பிடித்து இழுக்கிறது. கீழே இழுக்க எதுவும் இல்லை. அப்புறம் முனை மேலே வராமல் என்ன செய்யும்? புத்தகம் வைப்பது அந்த இழுப்பை நிறுத்துவதில்லை, கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். கனம் எடுத்த நிமிடத்திலிருந்து அது தன் வேலையைத் தொடங்கிவிடும்.

அதனால் இந்தத் தடவை எதையும் ஒட்டுவதற்கு முன்பே பலகையின் இரண்டு பக்கமும், நான்கு ஓரமும், மர வார்னிஷ் இரண்டு பூச்சு. ஓரத்தை விடவே கூடாது, எம்.டி.எஃப். அதிகம் தண்ணீர் குடிப்பது அறுத்த ஓரத்தில்தான். அப்புறம் மேலே பசையும் மணலும் போடும் ஒவ்வொரு தடவையும் பலகையைத் திருப்பி அடிப்பக்கத்திலும் அதே பசை ஒரு பூச்சு. மேலே ஓர் இழுப்பு, கீழே ஓர் இழுப்பு. காய வைக்கும்போது தட்டையாகப் போடாமல் இரண்டு குச்சிகள் மேல் தூக்கி வைத்தேன், இரண்டு பக்கமும் காற்று படட்டும் என்று. சலிப்பான வேலைதான். ஆனால் படிந்தது.

ஒரு கோமாளித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் துண்டில் வார்னிஷ் தொட்டால் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று நினைத்து ஃபோமை ஒட்டினேன். வாசனை இன்னும் இருந்தது, கவனித்தேன், கண்டுகொள்ளவில்லை. ஸ்ப்ரே பெயின்ட் பாலிஸ்டைரீனைக் கரைக்கும் என்று எல்லோருக்கும் சொல்பவன் நான். மிச்சமிருந்த கரைப்பான் அடியிலிருந்து ஃபோமைத் தின்று, கரையின் கீழ்விளிம்பில் பொக்கை பொக்கையாகக் குழி விழுந்துவிட்டது. பிய்த்து எறியத்தான் போனேன், பிறகு பார்த்தால் வெள்ளம் அரித்த கரை மாதிரியே இருக்கிறது. விட்டுவிட்டேன். யாராவது கேட்டால் வேண்டுமென்றே செய்தது.

ஐந்தாவதும் ஆறாவதும் படியாததற்குப் பசை காரணமில்லை. அந்தப் பலகை மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்தே நின்றிருந்தது, அறுக்கும்போதே முறுக்கு இருந்திருக்கும். வளைவை இரண்டு பக்கப் பூச்சால் சமாளிக்கலாம், முறுக்கை ஒன்றும் செய்ய முடியாது. இனி அறுப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. எம்.டி.எஃப். வேலை செய்யும் தச்சர்களிடம் வெட்டுத் துண்டுகள் சும்மாவே கிடைக்கும், ஆனால் அவை எப்படிக் கிடந்தன என்று பார்த்து எடுங்கள். எக்ஸ்.பி.எஸ். என்கிற மணி தெரியாத அடர்த்தியான ஃபோம்தான் இன்னும் தலைவலி. கட்டடத்துக்குப் போடும் வெப்பத்தடுப்புப் பலகை விற்பவர் கட்டாகத்தான் தருவேன் என்கிறார், ஒரு கட்டில் நான் மலைத்தொடரே கட்டலாம். வெள்ளைத் தெர்மாக்கோல் இருக்கிறதே என்பார்கள், சூட்டுக் கம்பியால் அறுத்தாலும் மணி மணியாகத்தான் தெரியும், கரைச் சரிவுக்கு எனக்குப் பிடிக்காது.

நீளத்தில் இன்னொரு புலம்பல். 6 அடிக்கு 4 அடி மேசையை நினைத்து 30 செ.மீ. வைத்தேன், நான்கு துண்டு வைத்தால் குறுக்கே 120 செ.மீ., சரியாகப் பொருந்தும். இப்போது எங்கள் கூட்டம் வார்ஹாமர் 40,000 என்கிற பொம்மைப் போர் விளையாட்டை ஆடுவது 44க்கு 60 அங்குலத்தில், 2020இல் ஒன்பதாம் பதிப்போடு வந்த அளவு. 44 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 112 செ.மீ. மூன்று துண்டு போட்டால் 22 செ.மீ. குறைகிறது, நான்கு போட்டால் ஆறு மேசையை விட்டு வெளியே 8 செ.மீ. ஓடுகிறது. 22 செ.மீ.யில் ஒரு துண்டு தனியாகச் செய்து அதிலேயே பாலம் வைக்கலாம் என்று ஒரு யோசனை. பாலத்துக்கான கல் வளைவை நேற்றே வரைந்துவிட்டேன், 32 மி.மீ. அடித்தட்டு இரண்டு பக்கம் பக்கமாக நிற்கும் அகலம். ஆற்றில் தண்ணீரே இல்லை, அதற்குள் பாலம்.

பெயின்ட் வழக்கம்போல. அடியில் அடர் பழுப்பு, நடுவே கறுப்புக்குப் பக்கத்தில் போகும் பச்சை, கரையோரம் வெளிறிய மண் நிறம், மணலுக்கு டிரை பிரஷ், அதாவது பெயின்ட்டைத் துடைத்தெடுத்த தூரிகையால் மேடுகளில் மட்டும் ஒரு தடவல். நீலம் ஒரு சொட்டு கூட இல்லை, நீல ஆறு செய்பவர்களோடு எனக்கு விரோதம் இல்லை, உடன்பாடும் இல்லை.

மிச்சம் தண்ணீர். வாய்க்கால் 7.5 செ.மீ. அகலம், 2 மி.மீ. ஆழம் என்றால் துண்டுக்கு 45 மி.லி. எபாக்சி. ரெசின், ஹார்டனர் என்று இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் இறுகித் தண்ணீர் மாதிரி தெரியும் பொருள் அது. ரெசினையும் ஹார்டனரையும் எடை பார்த்துக் கலப்பதற்கு ஒரு விகிதம், அளவு பார்த்துக் கலப்பதற்கு வேறு விகிதம், இரண்டையும் குழப்பி ஒருமுறை குளம் ஒன்று பிசுபிசுவென்றே நின்றுவிட்டது, இன்றுவரை காயவில்லை. முனைகளில் டேப் ஒட்டி அடைக்க வேண்டும், ரெசின் அந்த டேப்பின் மேல் ஏறி விளிம்பு கட்டும், இறுகிய பின் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மேலே பளபளப்பு வார்னிஷ். இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் ரெசினும் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், அதுவும் மேல்பக்கத்தில்தான் இருக்கும், அதை நினைத்தால் நல்ல நான்கு துண்டுகளிலும் கைவைக்க மனசு வரவில்லை.

அதனால் முறுக்கிய ஐந்தாம் துண்டில் முதலில் ஊற்றுகிறேன். ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும், பழக்கதோஷத்தில் அதன் மேல் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறேன்.