நான்கு பாடல் வரிகளுக்காகப் பதினொரு மாத அலைச்சல்

பதிப்பகத்திலிருந்து என் நாவலின் கைப்பிரதி திரும்பி வந்தபோது, கதையைப் பற்றி ஒரு குறையும் சொல்லப்படவில்லை. ஆனால் பதினேழு இடங்களில் மஞ்சள் கோடு இழுத்து, ஓரத்தில் ‘அனுமதிக் கடிதம் எங்கே?’ என்று எழுதியிருந்தார் பதிப்பாசிரியர். நகரத்தில் நிகழும் மாயக்கதை அது. ஒரு பாடலையோ பாத்திரத்தையோ எத்தனை ரசிகர்கள் உயிராக நேசிக்கிறார்களோ, அந்த அளவுக்கு அதில் மந்திர சக்தி ஊறும். அவர்கள் கூடி நின்று அந்த வரியைச் சொன்னால் சக்தி விழித்தெழும். ஆகவே ரசிகர்கள் சொல்லும் வரிகள்தாம் என் கதையின் மந்திரங்கள். அவற்றை உருவிவிட்டால் நாவலே நிற்காது.

படப் பெயர்கள், பாடகர் பெயர்கள் எல்லாம் ஒரே நாளில் தீர்ந்தன. தலைப்புகளுக்கும் பெயர்களுக்கும் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. வணிகக்குறிச் சிக்கல் வராமலிருக்க, அவற்றை அட்டையில் போடாமல் இருந்தால் போதும் என்றார்கள்.

என்னை வதைத்தது உச்சக்காட்சியில் வரும் நான்கு வரிப் பாடல். ஒலிப்பதிவில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்ததோ அதற்கே கடிதம் எழுதினேன். மூன்று மாதம் பதில் இல்லை. நினைவூட்டலுக்குப் பிறகு, ‘இது எங்கள் பொறுப்பில் இல்லை’ என்று ஒரு வரி வந்தது. யாருடைய பொறுப்பு என்று எழுத அந்த அலுவலருக்கு இன்னொரு வரி மட்டுமே தேவைப்பட்டிருக்கும். அதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. ஒரு பாடலின் சொல்லுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு, அதன் ஒலிப்பதிவுக்கு உள்ள உரிமை வேறு என்பதையும், புத்தகத்தில் வரிகளை அச்சிட முன்னதன் உரிமையாளரையே கேட்க வேண்டும் என்பதையும் நானே தேடித்தான் அறிந்துகொண்டேன்.

சரியான இடத்துக்கு எழுதிய அடுத்த கடிதமும் திரும்பியது. எத்தனை பிரதிகள், எந்த மொழி, எந்தெந்த நாடுகளில் விற்பனை, அச்சு நூலா மின்னூலா என்ற விவரங்கள் இல்லை; வரிகள் இடம்பெறும் பக்கத்தின் நகலும் இல்லை. இவற்றை முதல் கடிதத்திலேயே இணைத்துவிடுங்கள். எல்லாம் அனுப்பியபின் வந்த அனுமதியோ அச்சில் ஒரே ஒரு பதிப்புக்கு மட்டும்; மின்னூலுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். ‘நான்கு வரி வரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று சொன்ன நண்பர்களையும் நம்ப வேண்டாம். அப்படி ஒரு எண்ணிக்கை சட்டத்தில் இல்லை. அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டம்கூட, எடுத்தாண்ட பகுதி முழுப் படைப்பில் எவ்வளவு என்பதையும் சேர்த்தே, அனுமதியின்றி எடுத்தாண்டது நியாயமா என்று அளக்கிறது. சிறிய பாடலில் நான்கு வரி பெரும்பங்கு ஆகிவிடும்.

ஷெர்லாக் ஹோம்ஸ் விஷயத்தில் கவலையே இல்லை என்று இருந்தேன். 1893-இல் அந்தத் துப்பறிவாளரைப் படைத்த எழுத்தாளர் கோனன் டாயில், கதையில் அவரைச் சாகடித்தபோது வாசகர்கள் கோபத்துடன் கடிதம் எழுதினார்கள். 1903-இல் அவரை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். இறந்தவரை ரசிகர்களின் அன்பு மீட்டெடுக்கும் என் மூன்றாம் அத்தியாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான வித்து வேறெது? டாயில் 1930-இல் மறைந்தார். அமெரிக்காவிலும் கடைசிக் கதைகளின் உரிமை 2023 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. ஆனால் நான் எடுத்தாண்டிருந்தது தமிழ் மொழிபெயர்ப்பின் வரிகளை. மூலத்தின் உரிமை முடிந்தாலும், மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனியாக உயிரோடு இருக்கிறது. பதிப்பாசிரியர் அதைக் கண்டுபிடித்திராவிட்டால், அச்சான பிறகு தலைகுனிந்திருப்பேன். மூலத்தை எடுத்துவைத்து, இரண்டு இரவுகளில் நானே மொழிபெயர்த்தேன். பிற்காலத் திரைப்படம் ஒன்றிலிருந்து என்னை அறியாமல் எடுத்திருந்த ஒரு கையசைவையும் நீக்கினேன்.

மின்னூல் அனுமதி பதினொன்றாவது மாதத்திலும் வராததால், அந்தப் பாடலையே கைவிட்டுச் சொந்தமாக ஒன்று எழுதினேன்.

விளக்கணைந்த வீதியிலே
உன்பேர் சொன்னால் ஒளிபிறக்கும்.

உண்மைப் பாடல் என்றால், வாசகர் தம் நேசத்தைத் தாமே கொண்டுவருவார். என் பாடலுக்கோ அந்த நேசத்தை நான்தான் வளர்க்க வேண்டியிருந்தது. அதனால் இரண்டாம் அத்தியாயத்தில் நாயகியின் அக்கா துணி உலர்த்தியபடி அதை முணுமுணுக்கிறாள். ஆறாம் அத்தியாயத்தில், பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவர் அவள் விட்ட இடத்திலிருந்து பாடி முடிக்கிறார். உச்சக்காட்சியில் தெருவே பாடுகிறது. முந்தைய வரைவில் அந்தக் காட்சிக்கு இந்த வலு இருந்ததில்லை.

திருத்திய பிரதி சென்ற வாரம் வந்தது. உச்சக்காட்சிப் பக்கத்தில் மட்டும் மஞ்சள் கோடு: ‘இந்தப் பாடலை எங்கோ கேட்டிருக்கிறேன். அனுமதி வாங்கிவிட்டீர்களா?’ வரிகள் என்னுடையவை என்று எழுதிக் கையொப்பமிட்டு, அன்று மாலையே அனுப்பினேன்.