80 மி.மீ. லென்சும் மூன்று கால்களும்

திருச்சி உறையூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். லென்ஸ்தான் பிழைப்பு. அதனால் பங்குனிக் கடைசியில் டெலஸ்கோப் பெட்டி வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் குழாயின் முன்பக்கத்தை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன். பூச்சு இல்லாத கண்ணாடியில் விளக்கு வெள்ளையாகவே திரும்பித் தெரியும். இதில் மங்கலான பச்சையும் ஊதாவுமாகத் தெரிந்தது. கோட்டிங் நன்றாக இருக்கிறது, கீறல் இல்லை, உள்ளே தூசி இல்லை. மனசு நிறைந்துவிட்டது. ஸ்டாண்டை அன்றைக்கு நான் சரியாகக்கூடக் கவனிக்கவில்லை.

லென்சின் விட்டம் 80 மி.மீ., குவியத்தூரம் 400 மி.மீ. குழாய் ஏறக்குறைய ஒரு முழம். ஒரு கையில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிப் படி ஏறிவிடலாம். இதை வாங்கியதே அதற்காகத்தான். கூட வந்த ஐபீஸ், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ், இரண்டு: 25 மி.மீ. போட்டால் 16 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 40 மடங்கு. மடங்கை இரட்டிப்பாக்கும் பார்லோ லென்ஸ் தனியாக வாங்கினேன், அதையும் இதோடு சேர்த்தால் 80. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "எத்தனை மடங்கு பெருசா காட்டும்?" என்றே கேட்கிறார்கள். விட்டத்தைக் கேளுங்கள் என்கிறேன். இருட்டில் நம் கண்மணி அதிகம் போனால் 7 மி.மீ. விரியும். 80 மி.மீ. லென்ஸ் அதைப்போல 130 மடங்கு வெளிச்சத்தை அள்ளுகிறது.

குழாய் எங்கே பார்க்கிறது என்று குறிவைக்க உதவும் ஃபைண்டரைப் பகலிலேயே சரிசெய்ய வேண்டும் என்று மலைக்கோட்டையைக் குறிவைத்தேன். உச்சிப்பிள்ளையார் கோயில் நேராகத்தான் தெரிந்தது, ஆனால் இடம் வலம் மாறி. ஐபீஸுக்கு முன்னால் இருக்கும் டைகனல் கண்ணாடி செய்கிற வேலை அது. எந்தப் பக்கம் தள்ளினால் எது நகரும் என்று கை பழக இரண்டு நாள் ஆனது. பக்கத்து வீட்டுப் பையன் சூரியனைக் காட்டச் சொன்னான். முன்பக்கத்தில் அதற்கான ஃபில்டர் இல்லாமல் சூரியன் பக்கமே திருப்பக்கூடாது, ஒரு நொடியில் கண் போய்விடும் என்று சொல்லி மூடியைப் போட்டுவிட்டேன்.

முதலில் பார்த்தது அரை நிலா. வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் தாலமி, அல்போன்சஸ், அர்சாக்கெல் என்று மூன்று பள்ளங்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்குள்ளும் நிழல் தேங்கி நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். நிலாவின் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஊதாக் கோடு. இது எனக்குப் பழகிய கோளாறு. பாலிகார்பனேட் லென்ஸ் போட்டுக்கொண்டு போனவர்களில் சிலர், ஓரத்தில் கலர் தெரியுது என்று திரும்பி வருவார்கள். இங்கே இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்துச் சிவப்பையும் நீலத்தையும் ஓரிடத்தில் குவிக்கிறார்கள். ஊதா மட்டும் விலகிப்போகிறது. குழாய் நீளமாக இருந்தால் அது குறையும். படியேற வசதியாகக் குட்டையாக வாங்கியதற்கு இந்த ஊதாவை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன்.

ஏற்க முடியாதது ஸ்டாண்டின் ஆட்டம். கால்களை முழுக்க நீட்டி நிறுத்திவிட்டு ஃபோகஸ் திருகை விரலால் தொட்டால் போதும், நிலா நாலைந்து நொடி உதறிக்கொண்டே இருந்தது. அதற்குள் எது தெளிவு, எது மங்கல் என்று எப்படித் தெரியும்? நட்டை இறுக்கினால் குழாயின் மூக்கு கொஞ்சம் தொங்குகிறது; அதனால் குறியைச் சற்று மேலே வைத்து இறுக்கப் பழகினேன். உச்சிவானத்துக்குத் திருப்பினால் குழாயின் பின்பக்கம் காலில் இடிக்கிறது. லென்சைப் பார்த்துப் பெட்டியை எடைபோட்டது என் தப்புதான். எவ்வளவு நல்ல கண்ணாடியாக இருந்தாலும் நிற்கிற கால் ஆடினால் அது காட்டுவதெல்லாம் வீண். லென்சுக்கு எவ்வளவு பணம் ஒதுக்குகிறீர்களோ அதே அளவு ஸ்டாண்டுக்கும் ஒதுக்குங்கள்.

ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். கால்களை உள்ளே தள்ளிக் குட்டையாக்கினேன். நடுவில் 5 லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொரு காலுக்கும் அடியில் கோணிச்சாக்கை மடித்து வைத்தேன். இப்போது ஆட்டம் இரண்டு நொடிக்குள் அடங்குகிறது. இன்னொன்று, சித்திரை வெயிலைக் குடித்த மாடித் தரை இரவு ஒன்பது வரை அனலை விட்டுக்கொண்டே இருக்கும்; அதுவரை எல்லாமே கொதிதண்ணீருக்குள் தெரிவதுபோலத்தான். பத்து மணிக்கு மேல் பாருங்கள்.

துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சை வைக்கும் ஈக்குவடோரியல் ஸ்டாண்ட் வாங்கியிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். திருச்சியில் அந்த நட்சத்திரம் 11 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. எனக்கு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. சின்ன ஸ்டாண்டுகள் பலவற்றின் அச்சு அவ்வளவு தாழ இறங்குவதும் இல்லை. மேல் கீழ், இடம் வலம் என்று கையால் நகர்த்துவதே எனக்குப் போதும். வியாழனின் நான்கு நிலாக்களையும் அப்படித்தான் பார்த்தேன். 80 மடங்கில் மூன்று நிமிஷத்துக்குள் வட்டத்தை விட்டு ஓடிவிடுகிறது, அவ்வளவுதான்.

கால்களைக் குட்டையாக்கியதில் ஒரு நன்மை கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அம்மாவை மாடிக்கு அழைத்துவந்தேன். 71 வயது, இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. அவள் பவர் எனக்கு மனப்பாடம்: சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் மங்கும் பார்வைக்கான பவர், 0.75. 40 மடங்கில் ஐபீஸை விட்டு வெளியே வரும் ஒளிக்கற்றை 2 மி.மீ. அகலம்தான், அதில் இந்தச் சிலிண்டர் பெரிதாகத் தெரியாது. "கண்ணாடியக் கழட்டும்மா, அருந்ததி காட்டறேன்" என்றேன்.

"அதான் கல்யாணத்தன்னைக்கே பாத்தாச்சேடா. காலைல பத்தரை மணி வெயில். வடக்கால கைய நீட்டித் தெரியுதான்னாங்க. எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. தெரியுதுன்னேன்."

"அப்பா?"

"அவரும் தெரியுதுன்னார்."

சப்தரிஷி மண்டலத்தின் வால்பக்கத்தில் நடு நட்சத்திரம் வசிஷ்டர். ஃபைண்டரின் சிவப்புப் புள்ளியை அதில் வைத்து இறுக்கி, ஆட்டம் அடங்கியதும் நகர்ந்துகொண்டேன். அம்மா குனிந்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"மூணு இருக்குடா."

ஒட்டினாற்போல் இருக்கிற இரண்டும் வசிஷ்டர், தள்ளி நிற்கிறதுதான் அருந்ததி என்றேன். 1617-லேயே கலிலியோவும் அவர் மாணவர் காஸ்டெல்லியும் வசிஷ்டரை இப்படி இரண்டாகப் பார்த்திருக்கிறார்கள். இன்றைய கணக்கில் வசிஷ்டர் நான்கு, அருந்ததி இரண்டு, மொத்தம் ஆறு நட்சத்திரங்கள். இந்த லென்சுக்கு மூன்றுதான் எட்டும். நான் சொல்லிக்கொண்டே போனேன், அம்மா கண்ணை எடுக்கவே இல்லை. நாலைந்து நிமிஷம் இருக்கும்.

"ஓரத்துக்குப் போகுதுடா... போயிட்டா. திரும்பக் கொண்டா."

திருகைத் தொட்டேன். ஆடி, அடங்கியது.