ராஜாவின் விலா எலும்பில் ஒயின்

இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டு 1485இல் போஸ்வொர்த் போரில் செத்தபோது வயது 32, ராஜாவாக இருந்தது இரண்டு வருஷம் சொச்சம்தான். 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் பார்க்கிங்கைத் தோண்டி எலும்புக்கூட்டை எடுத்த கதை எல்லோரும் படித்ததுதான். எனக்குப் பிடித்தது 2014இல் ஏஞ்சலா லாம்பும் அவர் குழுவும் வெளியிட்ட ஐசோடோப்பு ஆய்வு. ஒரே தனிமத்தில் எடை கூடிய, குறைந்த அணு வகைகள்தான் ஐசோடோப்பு.

பல், தொடை எலும்பு, விலா எலும்பு மூன்றிலும் மாதிரி எடுத்தார்கள். பல் எனாமல் சின்ன வயதில் உருவாவதோடு சரி, அப்புறம் மாறாது. எலும்பு அப்படியில்லை, உள்ளுக்குள் கரைந்து கரைந்து புதுசாகிக்கொண்டே இருக்கும், அதிலும் தொடை மெதுவாக, விலா சீக்கிரமாக. அதனால் விலாவில் இருப்பது கடைசிச் சில வருஷம், ஏறக்குறைய ஆள் அரியணையில் இருந்த காலம்.

குடிக்கிற தண்ணீரின் ஆக்சிஜன் பல்லில் ஏறும். அங்கே மழை மேற்கிலிருந்து வரும், கனமான ஆக்சிஜன் முதலில் இறங்கிவிடும், அதனால் மேற்கு மழையில் அது கொஞ்சம் அதிகம், கிழக்கே போகப் போகக் குறையும். பாறையிலிருந்து மண், பயிர் வழியாக வரும், பாறைக்குப் பாறை மாறும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தையும் சேர்த்துப் பார்த்ததில், கிழக்கே ஃபோதரிங்ஹேயில் பிறந்த பையன் ஏழு வயதுவாக்கில் மேற்குப் பக்கம் போயிருப்பது தெரிந்தது.

விலாவில்தான் வேடிக்கை. மீன், இறைச்சி என்று உணவுச் சங்கிலியில் மேலே இருப்பதைத் தின்னத் தின்ன ஏறும் கனமான நைட்ரஜன், நைட்ரஜன்-15, ஏறியிருந்தது, கனமான கார்பன் அசையவில்லை. கடல்மீனாக இருந்தால் கார்பனும் ஏறியிருக்கும், ஆகவே ஆற்றுமீனும் வேட்டையாடிப் பிடித்த பறவைகளும், அதாவது ராஜ விருந்து. சரி, கனமான ஆக்சிஜனும் ஏறியிருந்ததே, அதை என்ன செய்வது? வழக்கமான கணக்குப்படி ‘ஊர் மாறினார்’ என்று எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் இவர் ராஜா, எந்தக் காலத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு ஏடு இருக்கிறது, அப்படி எங்கும் குடிபோகவில்லை. அப்புறம்தான் ஒயின் பக்கம் போனார்கள். திராட்சைக் கொடியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது லேசான ஆக்சிஜன் முந்திக்கொண்டு பறந்துவிடும், கனமானது பழத்தில் தங்கும், அதை நிறையக் குடித்தால் எலும்பிலும் ஏறும். ஒருவருடைய எலும்பின் ஆக்சிஜனை ஒயின் மாற்றியிருக்கலாம் என்று சொன்னது அதுவே முதல் தடவையாம்.

ராஜாவுக்கு ஏடு இருந்தது, தப்பித்தார். பெயரில்லாத எலும்புக்கூட்டை ஆக்சிஜனை மட்டும் வைத்து ‘வெளியூர்க்காரர்’ என்று யாராவது எழுதியிருந்தால், இந்த ஆள் என்ன குடித்தார் என்றுதான் எனக்கு இப்போது முதலில் கேட்கத் தோன்றுகிறது.