ஷாங்காய் ஆசிரியர்களுக்கு: சூசோவில் ஒரு சனி, ஞாயிறு

ஷாங்காயிலிருந்து, பழந்தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற சூசோ நகரம் அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். அதனால் பலர் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். சனி இரவு பழைய நகரத்துக்குள் தங்கினால்தான் தோட்டங்களைக் கூட்டம் சேருவதற்கு முன் பார்க்க முடியும்.

பயணச்சீட்டுக்குச் சீன ரயில்வேயின் 12306 செயலி போதும், ஆங்கிலத்திலும் இருக்கிறது. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்து பிசகாமல் போடுங்கள். சரிபார்ப்புக்கு நேரம் பிடிக்கலாம் என்பதால் வெள்ளி இரவு வரை தள்ளிப்போட வேண்டாம். பாஸ்போர்ட்தான் சீட்டு, தானியங்கி வாயில் அதைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வாயிலுக்குப் போங்கள். இறங்க வேண்டியது 'சூசோ' நிலையம். 'சூசோ வடக்கு' என்று எடுத்துவிட்டால் மெட்ரோவில் இன்னும் அரை மணி போகும்.

செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு சிக்கல்: வசிப்பு அனுமதிக்காகப் பாஸ்போர்ட் குடிவரவு அலுவலகத்தில் இருக்கும். அங்கே தரும் படம் ஒட்டிய ரசீதை ரயிலுக்கும் விடுதிக்கும் காட்டலாம். விடுதியில் மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பண்டிகை விடுமுறையை ஈடுகட்டச் சில சனி, ஞாயிறுகளைச் சீன அரசு வேலை நாளாக்கிவிடும். பள்ளி நாட்காட்டியைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். அக்டோபர் முதல் வாரம் தேசிய தின விடுமுறைக் கூட்டம், சூசோ பக்கமே போகாதீர்கள்.

ஞாயிறு காலை 7:30-க்கு ஜுவோஜெங் யுவான் தோட்டம் திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். நேரம் குறித்த சீட்டைப் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பே எடுத்திருக்க வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் வாங் சியான்சென் என்ற அதிகாரி அமைத்த தோட்டம் இது. நடுப்பகுதியின் கிழக்கு ஓரத்தில் யிஹோங் மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே பாருங்கள். குளத்துக்கு அப்பால், மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் எழுந்து நிற்கும். அது தோட்டத்துக்குள்ளேயே இல்லை. வெளியே நகரத்தில் நிற்கும் வடகோயில் கோபுரம். அதையும் காட்சிக்குள் சேர்த்துத்தான் குளத்தையும் மரங்களையும் அமைத்திருக்கிறார்கள். கொடி பிடித்த சுற்றுலாக் குழுக்கள் வந்து நிறைந்த பிறகு இங்கே நின்று பார்க்க இடம் கிடைக்காது.

பக்கத்திலேயே கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்து 2006-இல் திறந்த சூசோ அருங்காட்சியகம். கட்டணம் இல்லை, ஆனால் முன்பதிவு கட்டாயம். வாரக்கடைசி இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், நேரே வாங்ஷி யுவானுக்குப் போங்கள். என்னைக் கேட்டால் அதுதான் சூசோவின் மிகச் சிறந்த தோட்டம். மொத்தமே அரை ஹெக்டேர் அளவுதான். குளத்தின் மூலையில் மூன்று எட்டில் கடந்துவிடக்கூடிய ஒரு கல் பாலம் உண்டு. பாலம் அவ்வளவு குட்டியாக இருப்பதால்தான் குளம் பெரிதாகத் தெரிகிறது.

சைவ உணவு சாப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: சூசோ நூடுல்ஸின் சாறு பெரும்பாலும் எலும்பில் காய்ச்சியது, மேலே காய்கறி மட்டும் கேட்டுப் பயனில்லை. லியு யுவான் தோட்டத்துக்கு அருகே சியுவான் கோயிலில் சைவ நூடுல்ஸ் கிடைக்கும், மதியத்துக்கு அங்கே போங்கள்.