நரம்பு என்று மட்டும் சொன்னால் போதாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரின் சுகாதார நிலையத்தில், நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைச் சோதிப்பது என் பணி. வருகிறவர்களில் பெரும்பாலோர் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் ஓய்ந்தவர்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை அவர்களுடைய கால் பெருவிரலின் அடியில் ஊன்றுவேன். கண்ணை மூடியிருப்பவர் "தெரியுது மிஸ்ஸி" என்று சொல்ல வேண்டும். இழை வில்லாக வளைந்த பிறகும் அவர் பேசாமலிருந்தால் மனம் கனத்துவிடும்.

மருத்துவர் நியூரோபதி என்று எழுதுவதை நான் "நரம்புக் கோளாறு" என்றே சொல்லி வந்தேன். ஓர் ஐயா அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், இறுகிய நரம்பு இளகட்டும் என்று எண்ணெய் தேய்த்து உருவி, காலை வெந்நீரில் வைத்திருக்கிறார். சூடு அவருக்குத் தெரியவில்லை. மறுவாரம் குதிகாலில் தோல் உரிந்து வந்தார். தவறு என்னுடையது. நம் பேச்சில் கையில் புடைத்து நிற்கும் இரத்தக் குழாயும் நரம்பு, சுளுக்கிக்கொள்ளும் தசைநாரும் நரம்பு. யாழில் கட்டிய தந்திக்கும் அதுவே பெயர்.

கிரேக்கச் சொல்லின் வரலாற்றைப் பின்னர் படித்தபோது வியந்தேன். நியூரோன் என்பதும் முதலில் தசைநாரையும் வில்லின் நாணையுமே குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ், எராசிஸ்திராத்தஸ் ஆகிய மருத்துவர்கள் உடலை அறுத்து ஆராய்ந்து, உணர்வையும் அசைவையும் கடத்தும் நரம்புகளை இனங்கண்ட பிறகே அச்சொல் இன்றைய பொருளுக்கு நகரத் தொடங்கியது. வலியைச் சேர்த்தால் நியூரால்ஜியா, அழற்சியைச் சேர்த்தால் நியூரைட்டிஸ், நோயைச் சேர்த்தால் நியூரோபதி. ஆயினும் பழைய பொருள் முற்றிலும் மறையவில்லை: நான் இழையை ஊன்றும் அதே உள்ளங்காலில், தோலுக்கு அடியில் விரிந்து கிடக்கும் தசைநார்ப் பட்டைக்கு அப்போநியூரோசிஸ் என்று பெயர், அது நரம்பே அன்று.

அன்றிலிருந்து நோயின் பெயரைச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. "காலிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகும் உணர்வு நரம்பு பழுதாகியிருக்கிறது, ஐயா, இது சுளுக்கன்று, இரத்தக் குழாயுமன்று, உருவினால் சரியாகாது, வெந்நீரில் காலை ஊற வைக்காதீர்கள்" என்று விளக்குகிறேன். காலணியைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டச் சொல்கிறேன், உள்ளே செம்பனை முள் கிடந்தாலும் அவர்களுக்குத் தைப்பது தெரியாதே. அந்த ஐயாவின் புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. இப்போது அவர் குளிக்கும் நீரில் முதலில் முழங்கையை வைத்துச் சூடு பார்ப்பவர் அவருடைய மனைவி.